தலைக்கு இத்தனை லிட்டர்

வலையில் சிக்கிய நண்டை ஒரு கால் ஒரு காலாக விடுவித்துக்கொண்டே, இந்த நாட்டில் ஐம்பது வருஷமாகக் குடி எப்படி ஏறிக்கொண்டு போகிறது என்று பேசக்கூடியவர் எவரோ, அவரே சராசரிக்காரர். இந்த வகையை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் இருவர். பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் இருந்தவர் பெயர் நீலமேகம். ஐம்பத்தெட்டு வயது, ஒரு ஃபைபர் போட்டில் பாதி உரிமை, கஸ்தூரியம்மாள் என்று மனைவி, சென்னையில் புள்ளிவிவரம் பார்க்கும் வேலையில் பூவிழி என்று மகள்.

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்த நண்டு வலைதான். ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. வலைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். நண்டை முதுகுப் பக்கமாகப் பிடித்து, கொடுக்கில் சுற்றிய நூலை நகத்தால் தள்ளி, கால் உடையாமல் எடுக்க வேண்டும். கால் போன நண்டை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பூவிழி ஒன்று எடுப்பதற்குள் அவர் மூன்று எடுப்பது வழக்கம். அன்று அவர் கை நடுங்கியது. இருவரும் சமம்.

"நேத்து எவ்ளோ நைனா?"

"நேத்து சனிக்கெழம. நாடு பூரா சனிக்கெழம ஜாஸ்திதான்."

"நாட்டக் கேக்கல."

"நாட்ட வுட்டுட்டு என்ன மட்டும் கேட்டா எப்டி கண்ணு? கடல்ல ஒரு வாளி மொண்டு பாத்துட்டு, கடலு இம்மாந்தான்னு சொல்லிடுவியா?"

கவனித்தீர்களா? பொய் இல்லை. ஒரு பொய்கூட இல்லை. சனிக்கிழமை விற்பனை கூடும் என்பது உண்மை, கடல் வாளியில் அடங்காது என்பதும் உண்மை. எல்லா உண்மையும் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு எண் மட்டும் வரவில்லை.

சராசரிக்காரரிடம் நீங்கள் நிகழ்காலத்தைக் கேட்டால் அவர் வரலாற்றிலிருந்து தொடங்குவார். நீலமேகத்தின் வரலாறு பனைமரத்தில் தொடங்கும்: அவருடைய நைனா காலத்தில் கள், அது குடியில்லை, ஆகாரம், பிறகு மதுவிலக்கு, அப்போது ஜனம் குடிக்கவில்லையா என்றால் குடித்தது, முள்ளுக்காட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவசர அவசரமாகக் குடித்தது, அதனால்தான் இந்த ஜனத்துக்கு இன்றுவரை நிதானமாகக் குடிக்கத் தெரியவில்லை, பிறகு சாராயக்கடை, பிறகு பாக்கெட், பிறகு பாட்டில், பிறகு வரிசை, வரிசைக்குக் கம்பி, கம்பிக்குள் ஜன்னல், ஜன்னலுக்கு முன்னால் இவர். பாவம். இவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். வரலாறு கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டது.

வரலாறு தீர்ந்தால் காலநிலை. ஏரிக்கு அக்கரையில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது. புயல் எச்சரிக்கை என்றால் போகக் கூடாது. கடலுக்குப் போகாத நாள், குடிக்க நேரம் இருக்கும் நாள். போன நாள், உடம்பு வலிக்கும் நாள். இரண்டும் போக மீதி எத்தனை நாள் இருக்கிறது என்று பூவிழி ஒருமுறை கேட்டாள்.

"அது திருவிழா கண்ணு" என்றார்.

காலநிலையும் தீர்ந்தால் சுப்பராயலு. எல்லாச் சராசரிக்காரரிடமும் ஒரு சுப்பராயலு உண்டு. நீலமேகத்தின் சுப்பராயலு அதே போட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து வலை இழுப்பவர், பங்காளி முறை, நான்கு வயது இளையவர். "குடிகாரன்னா அவன். நான் இன்னா?" என்பார் நீலமேகம். நீங்கள் நாலு வீடு தள்ளிப்போய்ச் சுப்பராயலுவைக் கேட்டால், "குடிகாரருன்னா அண்ணன்தான். நான் இன்னா?" என்பார். ஊரில் குடிகாரர் எப்போதும் அடுத்த வீட்டில் இருக்கிறார். தெருக்கோடிவரை நடந்தாலும் அவர் வீட்டுக்கு நீங்கள் போய்ச் சேர முடியாது.

இதெல்லாம் சாதாரணச் சராசரிக்காரர் செய்வது. நீலமேகம் சாதாரணமானவர் இல்லை. அவர் பொண்ணு புள்ளியியல் படித்தவள்.

போன பொங்கலுக்கு வந்தபோது பூவிழி மடிக்கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தாள். அலுவலக வேலை. நாட்டின் குடி, ஆண்டு ஆண்டாக. இடப்பக்கம் தரையோடு தரையாகத் தொடங்கிய கோடு, வலப்பக்கம் போகப்போக மணல்மேடுபோல் ஏறியிருந்தது. நீலமேகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கடலில் காற்று பார்க்கிற மாதிரி அந்தக் கோட்டைப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பள்ளம் இன்னா?"

"கொரோனா. கடையெல்லாம் மூடியிருந்தாங்க."

"ஆங். அந்தப் பள்ளத்துல நானும் கீறேன்."

நாட்டுக்காக ஒரு மாதத்துக்கு மேல் சும்மா இருந்ததை அவர் மறக்கவில்லை. நாடும் மறக்காமல் கோடு போட்டு வைத்திருக்கிறது. வேறென்ன வேண்டும் ஒரு குடிமகனுக்கு?

கோட்டுக்கு மேல் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார். தலைக்கு ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று பூவிழி சொன்னாள். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அதில் அடக்கம், குடிப்பவர் குடிக்காதவர் எல்லாரும். மொத்தத்தைத் தலைகளால் வகுத்தது. அங்கேதான் தப்பு நடந்தது. அந்தத் தப்பை வேறு ஊர்க்காரர் செய்திருக்க மாட்டார்.

இந்தக் கரையில் பிடித்த மீன் பங்காகப் பிரியும். போட்டுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. காய்ச்சலில் படுத்தவனுக்கும் பங்கு வீட்டுக்குப் போகும். அவன் பொண்டாட்டி வாங்கி வைப்பாள். யாரும் எடுக்கவில்லை என்பதற்காக ஒரு பங்கு மறுபடி நீந்திக் கடலுக்குள் போகாது. ஒருவன் விட்டதை அந்த வீட்டில் இன்னொருவன் எடுத்தாக வேண்டும். ஐம்பது வருஷமாக இப்படிப் பிரித்துப் பிரித்தே வாழ்ந்த மனிதரிடம் போய்த் தலைக்கு இத்தனை லிட்டர் என்றால் அவர் என்ன நினைப்பார்?

"அப்போ உங்கம்மா பேர்லயும் போட்டுக்கீறானா?"

"போட்டிருக்காங்க."

"உன் பேர்லயும்?"

"ம்."

"நீங்க ரெண்டு பேரும் தொடறதில்ல."

"இல்ல."

நீலமேகம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் நெடுநாள் வழக்கில் தீர்ப்பு வந்தவரின் அமைதி.

"மூணு தல, மூணு பங்கு. ரெண்டு பங்கு சொம்மா கெடக்குது. வூட்ல பெரியவன் நான்தான?"

அடுப்படியிலிருந்து கஸ்தூரியம்மாள் கரண்டியோடு வந்தாள். "என் பங்க என் கையில குடுயா. மண்ணுல ஊத்திக்கிறேன்."

"பாத்தியா கண்ணு, வீணாக்கறாங்க."

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பெரிய பாட்டில் வாங்கிய நாளில், "உங்கம்மாவோடது" என்பார். பூவிழி சென்னையிலிருந்து போன் செய்தால், "உன்னோடத இப்பதான் முடிச்சேன்" என்பார். சராசரி என்றால் பங்கு இல்லை, நடுவில் போட்ட ஒரு கோடு, அவ்வளவுதான் என்று அவள் எத்தனையோ விதத்தில் சொல்லிப் பார்த்தாள். ஐந்தடி ஆழம், பத்தடி ஆழம், சராசரி ஏழரை என்று ஏரியை வைத்துக்கூடச் சொன்னாள். ஏழரை அடி ஏரியில் எங்கும் இல்லை என்று அவர் சாதித்தார். வேண்டுமானால் போட்டில் வா, காட்டுகிறேன் என்றார். கடைசியில் அவள் ஒரே வரியில் சொன்னாள்:

"சராசரிக்கு ஈரல் கெடையாது நைனா."

அதற்கு அவர் சிரித்தார். சராசரிக்காரர் பதில் இல்லாத இடத்தில் மிக இனிமையாகச் சிரிப்பார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேறொரு விஷயம் அவரை உண்மையாகவே உலுக்கியது. வீடு வீடாகப் போய்க் கேட்டால் ஜனம் சொல்லும் அளவையெல்லாம் கூட்டினாலும், கடையில் விற்றதில் பாதி தேறுவதே கஷ்டம் என்று பூவிழி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். பல நாடுகளில் அப்படித்தான் என்றும் சொன்னாள்.

"மீதிப் பாதிய யாரு குடிச்சது?"

"குடிச்சவங்கதான். சொல்ல மாட்டாங்க."

நீலமேகம் எழுந்து நின்றுவிட்டார். "இன்னா அநியாயம்! கேக்க வந்தவன் கிட்ட உண்மையச் சொல்றதுக்கு இன்னா? நாடு எப்டி உருப்படும்?"

சொன்னவர் யார் என்று ஞாபகம் இருக்கிறதல்லவா? அவருக்கு இல்லை.

சித்திரை கழிந்து அவர் கண் மஞ்சளானது. கால் வீங்கியது. அதுவும் முதலில் வெயில் என்றுதான் பெயர் பெற்றது. கஸ்தூரியம்மாள் போனில் அழுதாள். பூவிழி ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து வந்து, அவரைப் பொன்னேரிக்கு, டாக்டர் அம்பிகாவிடம் அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, டாக்டர் பேனாவைக் கையில் எடுத்தார்.

"ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

"டாக்டரம்மா, இப்போ நம்ம நாட்ட எடுத்துக்கினீங்கன்னா, ஆம்பளைங்க நூறு பேர்ல…"

"நாட்ட நான் எடுத்துக்கல. உங்களைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

"இல்ல, எங்க போட்ல சுப்பராயலுன்னு ஒருத்தன்…"

டாக்டர் மகள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எவ்வளவு?"

பூவிழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"கடலோரப் பகுதிகள்ல, மேடம், ஐம்பது வயசுக்கு மேல இருக்கிற ஆண்கள்ல, தினமும் குடிக்கிறவங்களோட சராசரி…"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

நீலமேகத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா டாக்டரம்மா. எம் பொண்ணு. புட்டுப் புட்டு வைக்குது."

ரத்தம் என்பது இதுதான். மூக்கு வராது, நிறம் வராது, இது வந்துவிடும். பூவிழிக்குச் சரியான எண் தெரியாது. தெரிந்துகொள்கிற தூரத்தில் அவள் எப்போதும் நின்றதில்லை. காலையில் பல் துலக்கும் முன்பே ஒன்று என்பது மட்டும் தெரியும். அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அறையில் அப்பா குடிகாரர் ஆகியிருப்பார். சராசரியைச் சொன்னால் நாடுதான் குடிகாரன். நாட்டுக்கு வெட்கம் கிடையாது.

அன்றே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார் டாக்டர். நண்டு சீசன், அடுத்த வாரம் வருகிறேன் என்றார் நீலமேகம். டாக்டரும் பூவிழியும் மாறி மாறிச் சொன்னார்கள். அசையவில்லை. கடைசியில் டாக்டர் ஒரு தாளை எடுத்து ஏழு கட்டம் போட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிப்பா சேரணும். அதுவரைக்கும் நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, வலிப்பு வந்துடும். குறைச்சுக்கிட்டே வாங்க. எவ்வளவு குடிக்கிறீங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் மருந்தோட அளவை முடிவு பண்ண முடியும். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். நீங்க குடிச்சது மட்டும். இது உங்க உயிரு விஷயம்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்தில் பாதி வழிவரை அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பூவிழிக்கு நம்பிக்கை வந்தது. ஏரி கண்ணில் பட்டதும் அவர் வாயைத் திறந்தார்.

"ஒரே ஆள வெச்சு இன்னா கண்ணு தெரியும்? சாம்பிளு பத்தாது."

பழவேற்காட்டில் இறங்கியவர் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பதினோரு காப்பி.

ஊரில் ஒரு நல்ல காரியத்தை இவ்வளவு அக்கறையாக யாரும் செய்ததில்லை. போட்டில் போகிற ஆட்கள், ஏலம் விடுகிறவர், ஐஸ் உடைக்கிறவர் என்று ஒருவர் விடாமல் பிடித்து உட்காரவைத்து, போன வாரத்து ஏழு நாளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கணக்கெடுக்கப் படித்துப் பட்டம் வாங்கிய எவருக்கும் இல்லாத ஒரு வசதி அவருக்கு இருந்தது. அந்த ஏழு நாளும் அவர் கூடவே இருந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் ஏலக்கூடத்தில் சுப்பராயலுவை மடக்கியபோது பூவிழி பக்கத்தில்தான் நின்றாள்.

"திங்கக்கெழம எத்தினி குவாட்டரு?"

"ஒன்னியும் இல்லண்ணே. சத்தியமா."

"டேய் கபோதி, திங்கக்கெழம நீ என் தோள்ல தொங்கிக்கினு வந்த. ரெண்டு போட்றேன்."

"அதுல ஒன்னு நீ வாங்கிக் குடுத்தது."

"யாரு வாங்கிக் குடுத்தா இன்னா? போன எடம் உன் வவுறுதான?"

"அப்போ உன் தாள்ல எத்தினி?"

"கணக்கெடுக்க வந்தவன எவன்டா கணக்குல சேப்பான்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுப்பராயலுவும் சிரித்தார். பிறகு, யாரும் எதிர்பாராமல், சிரிப்பை நிறுத்தினார்.

"அண்ணே, அத்த அடிச்சிடு. ரெண்டு இல்ல. நீ வூட்டாண்ட வுட்டுட்டுப் போனப்புறம் கூரையில சொருவி வெச்சத எடுத்து இன்னொன்னு. தெனமும் அப்டித்தான்."

நீலமேகம் இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். எழுத்து அச்சுப்போல இருந்தது.

"வெள்ளிக்கெழம நானே டாக்டரம்மா கையில குடுக்கிறேன்டா. இவனுக்கு இன்னா பண்ணணும்னு கேட்டுக்கினு வர்றேன்."

அதற்கு மறுநாள்தான் நண்டு வலை. எடுத்த நண்டுகளை இனம் பிரித்துக் கூடையில் போட்டுவிட்டு, பூவிழி கையைக் கழுவினாள். திங்கட்கிழமை முதல் பேருந்துக்கு அவர் வந்து ஏற்றிவிட்டார். "வெள்ளிக்கிழமை நேரா பொன்னேரிக்கு வந்துடறேன் நைனா" என்றாள். "வா, வா. ரிப்போர்ட்டெல்லாம் ரெடி" என்றார்.

புதன்கிழமை காலை, கடலிலிருந்து திரும்பி, போட்டைக் கரையேற்றிவிட்டு, மணலில் உட்கார்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆம்புலன்ஸ் பழவேற்காட்டைத் தாண்டியது. பொன்னேரி வரை உயிர் தாங்கவில்லை.

சராசரிக்காரர் செத்தால் துக்கத்துக்கு யார் வருவார்கள்? சராசரிக்காரர்கள்தான். பந்தலில் நாற்காலி போதவில்லை. இந்தக் காலத்தில் ஐம்பத்தெட்டு என்பது ஒன்றும் குறைந்த வயசில்லை என்றார் ஒருவர். குடியா காரணம், குடிக்காதவனும்தான் சாகிறான், எங்கள் தெருவில் டீ மட்டுமே குடித்த ஒருவர் நாற்பத்தைந்தில் போய்விட்டார் என்றார் இன்னொருவர். இப்போது வருகிற சரக்கு சரியில்லை என்று மூன்றாமவர் சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பூவிழி தலையை ஆட்டினாள். அவளுடைய அலுவலகத்திலிருந்து வந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வயதுப் பிரிவில் இழப்பு விகிதம் கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், படகு உரிமத் தாள்கள் வைக்கிற பிளாஸ்டிக் உறையைக் கஸ்தூரியம்மாள் மகளிடம் கொடுத்தாள். உள்ளே பன்னிரண்டு தாள்.

பதினொன்று முழுதாக நிரம்பியிருந்தன. பெயர், வயது, ஏழு கட்டம், அடித்த எண், திருத்திய எண். ஓரத்தில் குறிப்புகள்: 'இவன் பொண்டாட்டி ஊரில் இல்லாத வாரம்.' 'இவன் காலையில் சாப்பிடுவதில்லை, டாக்டரிடம் சொல்லவும்.' 'இவனுக்கு விட வேண்டும் என்று ஆசை உண்டு.' பூவிழி பார்த்த எத்தனையோ கணக்கெடுப்புகளில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. நாடு தேடிக்கொண்டிருக்கிற மீதிப் பாதியில் ஒரு சிட்டிகை அந்த உறைக்குள் இருந்தது.

பன்னிரண்டாவது, டாக்டர் கையால் கட்டம் போட்டது. பெயர் இருந்தது. வயது இருந்தது. முதல் கட்டத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதி, அதைத் தாள் நைந்துபோகும்வரை அழித்திருந்தது. பூவிழி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்றா எட்டா தெரியவில்லை. மற்ற ஆறும் காலி.

இப்போது உங்களிடம் வருவோம். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். நல்லது. நீங்கள் தொடுவதே இல்லை. மிக மிக நல்லது. ஆனால் வீட்டில் யாருக்கோ கை நடுங்குகிறது, யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதில்லை, பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது வந்து கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? "இந்தக் காலத்துல எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்" என்கிறீர்களா? அப்படியானால் சற்றுத் தள்ளி உட்காருங்கள். பூவிழி பக்கத்தில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. குடித்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று இந்தக் கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை.

தாள்களை உறைக்குள் வைக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. சுப்பராயலு. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"பாப்பா, கேக்கக் கூடாதுதான். இப்போ போயி கேக்கறனேன்னு கோச்சுக்காத."

"சொல்லுங்க சித்தப்பா."

"டாக்டரம்மா என் சீட்டப் பாத்தாங்களா? இன்னா சொன்னாங்க?"

பூவிழி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது, ஏறக்குறைய.

"பொதுவா சித்தப்பா, உங்க வயசுல இருக்கிறவங்களுக்கு…"

நிறுத்தினாள். மணலில் எங்கோ படகு இழுக்கிற சத்தம் கேட்டது.

"மூணுன்னு உண்மையச் சொல்லிட்டேன் பாப்பா" என்றார் சுப்பராயலு. "உங்க சித்தி கிட்டகூடச் சொன்னதில்ல. வெள்ளிக்கெழம குடுத்துட்டு வர்றேன்னாரு அண்ணன். அவருதான் போயிட்டாரு. நீயாச்சும் குடுத்தியா?"

"இல்ல சித்தப்பா. குடுக்கல."